வாயைத் திறக்காமல் வருவதானால்

மில் ஃபோர்க், வட கரோலினா
செப்டம்பர் 12, 2010

அன்புள்ள வெர்லீன் அக்காவுக்கு,

இங்கே நான் சுகம், வலது முழங்காலைத் தவிர. உன் இரத்தக் கொதிப்பு எப்படி இருக்கிறது? உன் மகள் ட்ரீவாவும் அவள் பிள்ளைகளும் நலமா? அம்மா கல்லறையில் புல் வெட்டி, நீ கேட்ட மஞ்சள் சாமந்தியே வைத்துவிட்டேன்.

முழங்கால் விஷயம் சொல்ல வேண்டும். நாற்பத்தொரு வருஷமாக சோபா உறை தைக்கிறேன். துணியை அழுத்துகிற பாதத்தைத் தூக்க, மிஷினுக்கு அடியில் தொங்கும் இரும்பை வலது முழங்காலால்தான் தள்ள வேண்டும் என்பது உனக்குத் தெரியாததல்ல, நீயும் பக்கத்து மிஷினில் தைத்தவள்தானே. இப்போது உள்ளே எலும்பும் எலும்பும் உரசுகிறது. மாற்று மூட்டு வைக்க வேண்டுமாம். இங்கே செய்தால் இன்சூரன்ஸ் போக என் பங்குக்கு வீட்டை விற்க வேண்டிவரும். அரசாங்க வைத்திய அட்டை அறுபத்தைந்தில்தான். எனக்கு இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது. அதுவரை இந்தக் காலோடு உட்கார முடியாது. இப்படியே போனால் வேலை இருக்காது என்று ஃபோர்மேனும் சாடையாகச் சொல்லிவிட்டார்.

போன வாரம் ஆபீஸ் பெண் கூப்பிட்டாள். "ஒசெல்லா ஆன்ட்டி, கோஸ்ட்டா ரிக்காவுக்குப் போய் ஆபரேஷன் பண்ணிக்கறீங்களா? அங்க ரொம்ப மலிவு. டிக்கெட், ஆஸ்பத்திரி, ஓட்டல் எல்லாம் கம்பெனி செலவு. உங்களுக்கு ஒரு காசு ஆகாது. திரும்பி வந்தா கையில ஒரு செக் கூட தருவாங்க" என்றாள். டாக்டர்கள் நன்றாகப் படித்தவர்களாம். நம் கம்பெனியிலிருந்து ஏற்கெனவே இரண்டு பேர் போய் வந்து நன்றாக நடக்கிறார்கள்.

என்ன செய்ய என்று தெரியவில்லை. ட்ரீவாவிடம் என் அன்பைச் சொல்லு. கொதிப்பு மாத்திரையை விடாதே.

உன் தங்கை,
ஒசெல்லா


ஆக்ரன், ஒஹையோ
செப்டம்பர் 25

ஒசெல்லாவுக்கு வெர்லீன் எழுதிக்கொண்டது.

உயிரோடு இருக்கிறேன். கொதிப்பும் இருக்கிறது. இந்த வீட்டில் எனக்குத் துணை அதுதான்.

முதலில் ஒன்று. நான் பதில் எழுதுவதைப் பார்த்து மனம் மாறிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். என் புருஷன் ஹோபர்ட்டைப் புதைத்த அன்று, ஈர மண்ணில் கைவைத்துச் சொன்னேன்: ஒசெல்லாவின் குரல் இனி என் காதில் விழாது. எட்டு வருஷமாக விழவில்லை. நீ ட்ரீவாவுக்குப் போன் பண்ணினால் நான் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிடுகிறேன். தண்ணீர் பில் ஏறுகிறது என்று அவள் கத்துகிறாள். கடிதத்தைப் பற்றி நான் சத்தியம் எதுவும் செய்யவில்லை. அதனால் எழுதுகிறேன்.

இந்தக் கம்பெனியைப் பற்றி என்னிடம் சொல்லாதே. முதலில் மரச்சட்டம் அறுக்கிற வேலையை எல்லைக்கு அந்தப் பக்கம் அனுப்பினார்கள். ஹோபர்ட் இருபத்தொன்பது வருஷம் நின்ற இடத்தில் துடைப்பம்கூட இல்லை. பிறகு, அந்தப் பக்கத்துப் பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுக்க உன்னை அனுப்பினார்கள். நீயும் போனாய். இப்போது உன் முழங்காலை அனுப்புகிறார்கள். மிச்சம் என்ன இருக்கிறது, தலை ஒன்றுதான்.

டாக்டர் ப்ரூயிட்டை நினைத்துப் பார். கம்பெனி வாசலை ஒட்டி அவருக்கு ஒரு சின்ன அறை, மேசைமேல் புதினா மிட்டாய் ஜாடி. உனக்கு ஐந்து வயதில் நிமோனியா வந்தபோது பனியில் கார் மாட்டிக்கொண்டு, மலை ஏறி நடந்தே வந்தார் அந்த மனுஷன். அம்மா அவர் பூட்ஸை அடுப்பருகே காயவைத்துவிட்டு, கருப்புப் பெர்ரி ஜாம் இரண்டு பாட்டில் கொடுத்தாள். "கம்பெனிதான் எனக்குச் சம்பளம் தருது, பெர்னிஸ்"னு அவர் சொல்ல, அம்மா, "அது சம்பளம், இது ஜாம்" என்றாள். அப்போது டாக்டர் நம்மைத் தேடி வந்தார். இப்போது நீ கடல் தாண்ட வேண்டும்.

போவதும் போகாததும் உன் இஷ்டம். சாமந்திக்கு நன்றி.

வெர்லீன்


மில் ஃபோர்க்
அக்டோபர் 8

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கண்டேன், சுகம் என்று தெரிந்து நிம்மதி. இங்கே மலை முழுக்கச் சிவந்துவிட்டது. நம் பழைய வீட்டுப் பின்னாலிருந்த மேப்பிள் இன்னும் நிற்கிறது.

டாக்டர் ப்ரூயிட்டின் பூட்ஸ் எனக்கும் நினைவிருக்கிறது. ஒன்றில் நான் பொம்மையை ஒளித்துவைத்தேன்.

போவதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஜனவரியில் தேதி. துணைக்குக் கட்டாயம் ஒருவர் வர வேண்டுமாம், அவருக்கும் டிக்கெட், சாப்பாடு கம்பெனியே கொடுக்கிறது. ஆபரேஷன் முடிந்த பிறகு கழிவறைக்குக் கூட்டிப் போக, மாத்திரை எடுத்துக் கொடுக்க ஆள் வேண்டும். தம்பி ஃபிளாய்டின் மனைவி டார்லீன் வருகிறேன் என்றாள். அவளுக்குக் கடல் பார்க்க ஆசையாம்.

வேறு யாரையும் கேட்கவில்லை.

குளிருக்கு முன் காலுறை அனுப்புகிறேன்.

ஒசெல்லா


ஆக்ரன்
அக்டோபர் 19

ஒசெல்லாவுக்கு,

நான் சுகம். காலுறை வந்தது. கொஞ்சம் இறுக்கம்.

டார்லீனா! மாடு கன்று போட்டபோது மயங்கி விழுந்து, மாட்டை விட்டுவிட்டு அவளைத் தூக்க மூன்று ஆள் தேவைப்பட்டதே, அந்த டார்லீனா? உன் காலிலிருந்து குழாய் தொங்குவதைப் பார்த்தால் அவள் உன்மேலேயே விழுவாள். புது மூட்டும் போகும்.

அதோடு, கல்லறை ஞாயிறு 1971. வேலைக்குப் போகிற நாளிலும் நான் காலை மூன்று மணிக்கு எழுந்ததில்லை. அன்று எழுந்து பீச் பழப் பணியாரம் சுட்டுக்கொண்டு போனேன். கல்லறையெல்லாம் சுத்தம்செய்து எல்லாரும் மேசைக்கு வந்தார்கள். பாதிரியார் ஒரு வாய் வைத்துவிட்டு, "இது யார் கைப்பக்குவம்?" என்று கேட்டார். டார்லீன் தலையைக் குனிந்து சிரித்தாள். சிரித்தாள், அவ்வளவுதான். வாயால் ஒன்றும் சொல்லவில்லை. பொய்யும் சொல்லாமல் புகழையும் எடுத்துக்கொண்டாள். அந்தத் தட்டு என் தட்டு, நீலக் கரை. இன்னும் திரும்பி வரவில்லை.

அவளை நம்பிக் கடல் தாண்டுகிறாய். நல்லது.

ட்ரீவா விசாரித்தாள்.

வெர்லீன்


மில் ஃபோர்க்
டிசம்பர் 5

அன்புள்ள அக்கா,

இவ்வளவு நாள் எழுதாததற்கு மன்னித்துக்கொள். நடக்கக் கோல் பிடிக்கிறேன், தபால் பெட்டி வரைக்கும் போவதே ஒரு பயணமாகிவிட்டது. நீ சுகம்தானே?

டார்லீன் வரவில்லை. விமானத்தில் ஏற மாட்டாளாம். ஃபிளாய்டு சொல்லிப் பார்த்தான். ஆபீஸ் பெண்ணிடம் நான் தனியாகப் போகிறேன் என்றேன். "அய்யோ ஆன்ட்டி, துணை இல்லாம அனுப்பவே மாட்டோம். இருபதாம் தேதிக்குள்ள பேர் குடுக்கலைன்னா உங்க இடத்தை அடுத்த ஆளுக்குக் குடுத்துருவாங்க" என்றாள். அடுத்த வாய்ப்பு எப்போது என்று அவளுக்கே தெரியாது. பிப்ரவரியில் தையல் கூடத்தில் ஆட்களைக் குறைக்கப் போகிறார்கள் என்று பேச்சு.

உனக்குத் தெரியட்டும் என்றுதான் எழுதினேன்.

பண்டிகைக்குப் பழக் கேக் சுட்டு அனுப்ப இருந்தேன். நிற்க முடியவில்லை.

ஒசெல்லா


ஆக்ரன்
டிசம்பர் 9

ஒசெல்லா,

விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். தபால் தலைக்கு நான் கொடுத்த காசைப் பார்த்து ட்ரீவா வாயைப் பிளந்தாள்.

பெயர் கொடு. வெர்லீன் மே ஸ்ட்ரௌட், வயது எழுபத்தொன்று. பாஸ்போர்ட் இருக்கிறது. அக்டோபரிலேயே எடுத்துவைத்தேன். எதற்கென்று கேட்காதே.

ஆனால் ஒரு நிபந்தனை. இது இல்லாமல் நான் வாசற்படி தாண்ட மாட்டேன். சார்லட் விமான நிலையத்தில் என்னைப் பார்க்கிற நேரத்திலிருந்து, திரும்பி வந்து பிரிகிற நேரம்வரை, என் காதுபட நீ ஒரு வார்த்தை பேசக் கூடாது. நான் பேசுவேன். என் குரலைப் பற்றி நான் சத்தியம் செய்யவில்லை. நீ வாயைத் திறக்காமல் வருவதானால் வருகிறேன்.

கிளைடு அடக்கத்துக்கு நான் வரவில்லை என்று ஊரில் சொல்கிறார்களாமே. ஒன்பது மணி நேரம் பஸ்ஸில் வந்து, சர்ச்சில் கடைசி வரிசையில் நின்றேன், இரண்டு காதிலும் பஞ்சு வைத்துக்கொண்டு. உன் புருஷன் நல்ல மனுஷன். அவனுக்காக வந்தேன். உன் குரலுக்காக அல்ல.

வெர்லீன்


மில் ஃபோர்க்
டிசம்பர் 16

அன்புள்ள அக்காவுக்கு,

பெயர் கொடுத்துவிட்டேன். உன் நிபந்தனைக்குச் சம்மதம். நான் வாக்குக் கொடுத்தால் காப்பேன் என்று உனக்குத் தெரியும். நீ மட்டுமா பெர்னிஸின் மகள்?

நீ சர்ச்சுக்கு வந்தது எனக்குத் தெரியும். காதில் வெள்ளையாக என்னமோ தெரிந்தது. வயதாகி முடி நரைத்துக் காதுக்குள் வளர்ந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

ஒரு யோசனை. தையல் கூடத்தில் பேசியபடி பேசிக்கொள்வோம். ஆணி அடிக்கிற துப்பாக்கியும் காற்று மிஷினும் ஓடுகிறபோது யாருக்கு யார் பேச்சு கேட்டது? உதட்டையும் கையையும் வைத்துத்தானே பதினாறு வருஷம் நீயும் நானும் ஊர் வம்பு முழுக்கப் பேசினோம். மறந்திருக்க மாட்டாய். காது மடலை இழுத்தால் நீ. அந்தப் பெரிய வளையங்கள் போட்டிருந்தாயே. சுண்டுவிரலை ஆட்டினால் நான். தாடையைத் தேய்த்தால் ஃபோர்மேன் வருகிறார். எல்லாம் இடது கையால், இடது பக்கமாகத்தான். வலது கை துணியில், வலது முழங்கால் இரும்பில் மாட்டியிருக்கும்.

கைக்கு அடங்காததைக் காகிதத்தில் எழுதிக் கொடுக்கிறேன்.

தடித்த கோட்டு வேண்டாம், அங்கே வெயிலாம். மாத்திரை டப்பாவை மறக்காதே.

ஒசெல்லா


ஓட்டல் அறை, ஜன்னல் பக்கக் கட்டில்
ஜனவரி 16, 2011, மத்தியானம்

அன்புள்ள அக்கா,

உனக்கும் எனக்கும் நடுவில் ஆறடிகூட இல்லை. ஆனாலும் முறைப்படி கேட்கிறேன், சுகமா? விமானத்தில் காது அடைத்தது என்றாயே, விட்டதா? அடைத்தபடியே இருந்திருந்தால் நமக்கு வசதி.

கீழே சாப்பாட்டுக் கூடத்தில் அந்த ஜார்ஜியாக்காரர் உன்னிடம் சொன்னது எனக்கும் கேட்டது. "எங்க கம்பெனி இடுப்புக்கு அனுப்புது, உங்க கம்பெனி முழங்காலுக்கு அனுப்புது. எல்லாரையும் சேர்த்தா ஒரு முழு ஆள் தேறும்" என்றார். நீ சிரித்தாய். உன் சிரிப்பைப் பார்த்து எத்தனை வருஷம்.

நாளை காலை ஆபரேஷன். அதனால் ஒன்றை எழுதிவைக்கிறேன். அதைக் கையால் சொல்ல முடியாது.

ஹோபர்ட் போன செய்தி எனக்கு அன்றைக்கே வந்தது. எல்லைக்கு அந்தப் பக்கத்துத் தொழிற்சாலையில், பெண்களுக்கு ஓரம் மடிக்கக் காட்டிக்கொண்டிருந்தேன். மேலாளர் கூப்பிட்டுச் சொன்னார். நான் போகணும் என்றேன். "போங்க. ஆனா வேலையைப் பாதியில விட்டுட்டுப் போனா உங்க இடத்தை வெச்சிருக்க முடியாது" என்றார். அப்போது கிளைடுக்கு வாரம் மூன்று தடவை சிறுநீரக மிஷின். அது ஓடினது என் வேலையோடு வந்த இன்சூரன்ஸில். இடம் போனால் அது போகும். நான் அடக்கத்துக்கு வராமல், திரும்பி மிஷினுக்கு வந்து உட்கார்ந்தேன். அந்தப் பெண்களில் ஒருத்தி, பாஷை தெரியாதவள், தன் கைக்குட்டையை என் மடியில் வைத்தாள்.

நான் செய்தது சரி என்று சொல்லவில்லை. தப்பு என்றும் சொல்ல வரவில்லை. உனக்கு இது தெரியும் என்று எனக்குத் தெரியும். நான் சொல்லித் தெரிய வேண்டும் என்று நினைத்தேன்.

ஒசெல்லா


அதே அறை, கதவுப் பக்கக் கட்டில்
ஜனவரி 16, சாயங்காலம்

ஒசெல்லாவுக்கு,

காது விட்டது.

சூப் முழுவதையும் குடித்துவிடு, அதற்குப் பிறகு ஒன்றும் தர மாட்டார்கள். இவர்கள் காலையில் வைக்கிற கருப்பு பீன்ஸ் நன்றாகத்தான் இருக்கிறது. சோள ரொட்டி இல்லாமல் சோற்றில் போட்டுக் கலக்குவதைத்தான் மன்னிக்க முடியவில்லை. அம்மா பார்த்திருந்தால் சமையலறைக்குள்ளேயே போயிருப்பாள்.

உன் செருப்பைக் கட்டிலுக்கு அடியில் தள்ளாதே, தடுக்கும்.

தூங்கு.

வெர்லீன்


ஆஸ்பத்திரி
ஜனவரி 17

ஒசெல்லாவுக்கு,

நீ தூங்குகிறாய். ஆபரேஷன் நன்றாக நடந்ததாக டாக்டரே வந்து சொன்னார். உதடு காய்ந்திருந்தது, ஈரத்துணியால் துடைத்தேன். இன்று காலை நடந்ததை உடனே எழுதிவைக்கிறேன். விழித்ததும் நீ ஒன்றும் நினைவில்லை என்பாய். எனக்கு எல்லாம் நினைவிருக்கும், அது உனக்குத் தெரியும்.

காலையில் யாமிலெத் என்கிற நர்ஸ் வந்தாள். சின்னப் பெண், நம் பாஷை சுத்தமாகப் பேசினாள். கையில் ஊதா மை பேனா. "குட் மார்னிங் அம்மா. எந்த முழங்கால்னு நீங்களே சொல்லுங்க, நான் குறி போடறேன்" என்றாள்.

நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நீ என்னைப் பார்த்தாய். உதட்டை இறுக்கிக்கொண்டாய். தட்டினாய்.

இடது முழங்காலைத் தட்டினாய்!

ஏன் தட்டினாய் என்று எனக்குத் தெரியும். தையல் கூடத்தில் முழங்கால் என்று சொல்ல நாம் இடது முழங்காலைத்தான் தட்டுவோம். வலது முழங்கால் என்றைக்கு இரும்பை விட்டு வெளியே வந்தது? அது எனக்குத் தெரியும், அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்? அவள் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தாள். "இதுல வலதுன்னு இருக்கே" என்றாள். "அம்மாவுக்குப் பேச வராதா?" என்று என்னிடம் கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் வெளியே ஓடிப் போய், அடுத்த அறையில் யாரையோ பார்க்க வந்திருந்த ஊமைகள் பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருத்தியைக் கூட்டிவந்தாள். அந்த அம்மாள் உன் முன்னால் பத்து விரலையும் பறக்கவிட்டாள். நீ தாடையைத் தேய்த்துக் காட்டினாய். "சவரம் பண்ணணும்கிறாங்க" என்று சொல்லிவிட்டு டீச்சர் சவரக் கத்தி கேட்க வெளியே போனாள்.

நான் எழுந்து, "வலது கால்மா, வலது! எழுதிக்கோ!" என்றேன்.

யாமிலெத் தலையை ஆட்டினாள். "மன்னிக்கணும் பாட்டி. கூட வந்தவங்க சொல்றது செல்லாது. அவங்களே சொல்லணும். எழுதிக் காட்டினாலும் சரி, ஆனா காகிதத்துல ஒண்ணு இருக்கு, கை வேற காட்டுது. ரெண்டும் ஒத்துப்போற வரைக்கும் டாக்டர் உள்ள விட மாட்டாரு" என்றாள். காகிதமும் பேனாவும் நீட்டினாள். நீ வாங்கவில்லை. கையை மடித்து வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாய். இடது கையால் காது மடலை இழுத்தாய். நீ சொல், அக்கா, என்று அதற்கு அர்த்தம்.

அப்படியே அம்மாவின் பிடிவாதம். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. மூட்டு போனால் போகிறது, வாக்குப் போகக் கூடாது உனக்கு.

கத்தினேன். "வாயைத் திறந்து சொல்லித் தொலையேன்டி!"

நீ சொன்னாய். "வலது கால்தான் கண்ணு. இது அக்காவுக்கே தெரியுமே."

யாமிலெத் வலது காலில் குறி போட்டாள். அதற்குப் பிறகுதான் ஊசி போட்டார்கள். அதை நன்றாக நினைவில் வை. பிறகுதான்.

இது ஒரு அவசரத்துக்காகச் செய்தது. சத்தியம் அப்படியே இருக்கிறது. விழித்தபிறகு பேசாதே.

நீ பேசி முடித்த பிறகு திரும்பி வந்த டீச்சருக்கு உன் பெயரைச் சொல்லி நன்றி சொன்னேன். அவள் இன்னமும் நீ ஊமை என்றே நினைத்துக்கொண்டிருக்கிறாள். போகும்போது உன் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனாள்.

வெர்லீன்


மில் ஃபோர்க்
மார்ச் 20, 2011

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம், இந்தத் தடவை முழங்காலையும் சேர்த்துச் சொல்கிறேன். நீ ஆக்ரன் போய்ச் சேர்ந்ததும் இருமல் வந்தது என்று ட்ரீவா சொன்னாள். விட்டதா?

போன திங்கள் வேலைக்குத் திரும்பினேன். வலது கால் இரும்பைத் தள்ளுகிறது, வலி இல்லை. ஆபீஸ் பெண் என்னை நிறுத்தி வைத்துப் படம் எடுத்தாள், அடுத்த ஆளுக்குக் காட்டவாம். செக்கும் வந்தது. அதில் அம்மா கல்லறைக்குப் புதுக் கல் வைக்கச் சொல்லியிருக்கிறேன். உன் பெயரும் என் பெயரும் கீழே.

கூடத்தில் பாதி மிஷினுக்கு உறை மாட்டிவிட்டார்கள். ஆணித் துப்பாக்கிப் பக்கம் காலி. சாதாரணமாகப் பேசினாலே இப்போது அந்தக் கோடி வரை கேட்கிறது. கைப்பேச்சு தெரிந்தவள் நான் ஒருத்திதான். நேற்றுப் பழக்கத்தில் யாரோ வருவதைப் பார்த்துத் தாடையைத் தேய்த்தேன். பக்கத்து மிஷின் பெண், "என்ன ஆன்ட்டி, பல்வலியா?" என்றாள். உன் பழைய மிஷின் மூன்றாவது வரிசையில் இருக்கிறது. போகும்போது ஒரு தடவை தொட்டுவிட்டுப் போகிறேன்.

ஆஸ்பத்திரியில் நீ எழுதியதைப் படித்தேன். அன்று காலை நடந்தது எதுவும் எனக்கு நினைவில்லை, அக்கா. மயக்க மருந்து அப்படித்தானாம்.

ஆனால் ஒன்று. நாற்பத்தொரு வருஷம் இரும்பைத் தள்ளின கால் எது என்று மறந்துபோகிற அளவுக்கு நான் மக்கு இல்லை என்று உனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன்.

டார்லீனிடமிருந்து நீலக் கரைத் தட்டை வாங்கிவிட்டேன். தனியாகப் பார்சலில் வருகிறது. விளிம்பில் ஒரு சின்ன உடைசல்.

உன் தங்கை,
ஒசெல்லா


ஆக்ரன்
மார்ச் 29

அன்புள்ள ஒசெல்லாவுக்கு,

இருமல் விட்டது. தட்டு வந்தது. உடைசல் சின்னதல்ல. டார்லீனுக்கும் எனக்கும் இன்னும் தீரவில்லை.

ஊசி போட்டது பிறகு. நான்தான் எழுதினேனே, பிறகு என்று. மயக்க மருந்தாம்! ஐந்து வயதில் டாக்டர் பூட்ஸில் பொம்மையை ஒளித்துவைத்துவிட்டு "எனக்குத் தெரியாது" என்று நின்றாயே, அதே முகத்தோடு இதை எழுதியிருப்பாய்.

ஹோபர்ட் விஷயம். ஓட்டலில் நீ எழுதியதற்கு நான் சூப்பைப் பற்றிப் பதில் எழுதினேன். அதற்குமேல் அன்றைக்கு எனக்கு வரவில்லை. அந்தக் கோபம் போகவில்லை. போகாது, எனக்கு அது வழக்கமில்லை. உன்மேலிருந்து எடுத்துக் கம்பெனி மேல் போட்டிருக்கிறேன். அவர்கள் பெரிய ஆட்கள், தாங்குவார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இத்தனை நாள் பேனாவை எடுத்து எடுத்து வைத்தேன்.

அன்றைக்கு நீ "வலது கால்தான் கண்ணு" என்றாயே. நான் ஒசெல்லா குரல் வரும் என்று இருந்தேன். என் நினைவில் இருந்தது ஐம்பத்துநாலு வயதுக்காரியின் குரல், கொஞ்சம் கீச்சாக, பொறுமையில்லாமல். அது வரவில்லை. அடித்தொண்டையிலிருந்து, கடைசி எழுத்தை இழுத்து, காலையில் அடுப்பு மூட்டிக்கொண்டே நம்மை எழுப்புகிற குரல் வந்தது. திரும்பிப் பார்த்தேன், உண்மையாகவே. கதவுப் பக்கம் பார்த்தேன், அம்மா எங்கே என்று. பார்த்துவிட்டுத்தான் உன்னைப் பார்த்தேன்.

உனக்கு எப்போது அது வந்தது? எந்த வருஷம்? யாரும் என்னிடம் சொல்லவில்லை. நான் குழாயைத் திறந்துவிட்டுக் குளியலறையில் உட்கார்ந்திருந்த அத்தனை நாளும் அந்தப் பக்கம் போனில் அம்மா பேசிக்கொண்டிருந்திருக்கிறாள்.

என் சத்தியம் ஒசெல்லாவின் குரலைப் பற்றியது. நன்றாக யோசித்துப் பார்த்தேன், அந்தக் குரல் இப்போது எங்கேயும் இல்லை. இதைப் பற்றி நான் ஒன்றும் சத்தியம் செய்யவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ட்ரீவா பிள்ளைகளோடு சர்ச்சுக்குப் போவாள். நான் போவதில்லை, இருமலைச் சாக்குச் சொல்லிக்கொள்வேன். அந்த நேரத்தில் போன் பண்ணு. ஹலோ எல்லாம் வேண்டாம். "வெர்லீன், சாப்பிட்டியா"ன்னு கேளு. இழுத்துக் கேளு.

இதற்குப் பதில் எழுதாதே.

உன் அக்கா,
வெர்லீன்